உஷார்! எழுதாத தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் கையில் இருக்கும் வேலையை ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024 ஆகஸ்டில் கட்டம் கட்டமாக அமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களின் ஆயுள் இரண்டே ஆண்டு. 2026-ல் அந்தக் குழுக்கள் முடிந்து புதிய குழுக்கள் வர வேண்டும். யார் யார் உள்ளே வருவது என்ற பேச்சு பல ஊர்களில் பெற்றோர் காதுக்கு எட்டாத இடங்களில் நடக்கும். கட்சிக் கிளைச் செயலாளர் வீட்டுத் திண்ணையிலும், சங்கப் பொறுப்பாளரின் தொலைபேசியிலும், ஒப்பந்ததாரரின் காரிலும் பட்டியல் தயாராகும். பெற்றோரைக் கூப்பிடுவது கடைசியில், கை தூக்குவதற்கு.

இந்த முறை அப்படி நடக்க விட்டால் இழப்பு பெரியது. காரணம் சொல்கிறேன்.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஓடு உடைந்தால், தண்ணீர் வராவிட்டால், கழிப்பறை நாறினால் முன்பெல்லாம் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இருந்தார். ஊராட்சித் தலைவர். நல்லவரோ கெட்டவரோ, அடுத்த தேர்தலில் நம் ஓட்டு அவருக்கு வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் அந்த ஊரக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துபோனது. உரிய நேரத்தில் தேர்தல் வைக்கவில்லை. தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சிகளை ஒப்படைத்தார்கள். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலரின் மேசையில் பல ஊராட்சிகளின் கோப்புகள் குவிந்தன. அந்தக் குவியலில் உங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியின் கழிப்பறை எந்த மூலையில் கிடக்கும்?

இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. கிராமத்துப் பள்ளிக் கழிப்பறையைக் கழுவும் அம்மாவின் கூலி கல்வித் துறையிலிருந்து வருவதில்லை. ஊரக வளர்ச்சித் துறை வழியாக, ஊராட்சி ஒன்றியத்தின் மூலம் வருகிறது. தொடக்கப் பள்ளி என்றால் மாதம் ஆயிரம் ரூபாய் என்ற அளவில் வைத்த கூலி அது. அதுவும் மாதா மாதம் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. இரண்டு மூன்று மாதம் நின்றுபோனால் அவர் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அன்றிலிருந்து பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கு வரப் பழகிவிடுகிறார்கள். கேட்டால் தாகமில்லை என்பார்கள்.

இப்போது பள்ளியின் சொந்தப் பணத்துக்கு வருவோம். 2025-26 மாநில பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வேறு எந்தத் துறையும் கண் வைக்கும் தொகை. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது. போகத்தான் வேண்டும், ஆசிரியர் இல்லாமல் பள்ளி இல்லை. ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளி தன் அன்றாடச் செலவுக்கு என்று கையில் வாங்கும் காசு எவ்வளவு தெரியுமா? சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று வருகிறது. 30 பிள்ளைகள் வரை இருந்தால் வருடத்துக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரம் பிள்ளைகள் வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கென்று ஒதுக்க வேண்டும்.

28 பிள்ளைகள் படிக்கும் ஒரு ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 833 ரூபாய் வருகிறது. சாக்பீஸ், பதிவேடு, பல்பு, ஃபேன் ரிப்பேர், பினாயில், உடைந்த குழாய், சுவரில் வண்ணம், விளையாட்டுச் சாமான் எல்லாம் அதற்குள். பிளம்பர் ஒருவர் பக்கத்து டவுனிலிருந்து வந்து போனாலே ஒரு மாதக் காசு காலி. அந்தப் பத்தாயிரமும் ஜூனில் வந்தால் ஒரு கணக்கு, பாதி ஆண்டு கழித்து வந்தால் ஒரு கணக்கு. கடைசி நேரத்தில் வந்து, குறித்த தேதிக்குள் செலவு காட்டாவிட்டால் திரும்பப் போய்விடும் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த சமக்ர சிக்ஷா பணமே இரண்டு அரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு என்ற ஏற்பாடு. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான தொகை 3,586 கோடி. அதில் மத்திய அரசு தர வேண்டியது 2,152 கோடி. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான், அதன் வழியே புதிய கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்றது டெல்லி. மும்மொழித் திணிப்பை ஏற்க முடியாது என்றது சென்னை. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு வட்டியும் சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. ஏறத்தாழ 44 லட்சம் மாணவர்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்று மனுவில் சொன்னது. பிள்ளைகளின் பணத்தைப் பணயமாக வைத்து ஒரு கொள்கையைத் திணிப்பது அநியாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. இந்த இழுபறியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டுச் சேர்க்கையே 2025-ல் பள்ளி திறந்து பல மாதம் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது. ஏழைப் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

மேலே இந்தச் சண்டை. கீழே பல மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லை. நடுவில் தட்டிக் கேட்கும் பலத்தோடு நிற்பது ஒரே ஒரு அமைப்பு. ஆசிரியர் சங்கங்கள்.

சங்கம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த வரலாறு தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு காலத்தில் ஒன்றியத்தின் ஊழியர்கள். ஒன்றியத் தலைவருக்குப் பிடிக்காவிட்டால் எல்லையோரக் கிராமத்துக்கு மாறுதல். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்மன் வீட்டு வாசலில் நின்ற காலம் அது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அவர்களை அரசு ஊழியர்களாக்கினார்கள். அதன் பின்னால் சங்கங்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது ஜெயலலிதா அரசு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே மூச்சில் வேலையை விட்டு நீக்கியது. அந்த ஆகஸ்டு 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே கிடையாது என்று தீர்ப்பு சொன்னது. அத்தனை அடியையும் தாங்கி எழுந்து நின்றவர்கள் இவர்கள். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தொகுதி கூடக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கட்சித் தலைமையும் ஆசிரியரைச் சீண்டுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கிறது.

இந்த பயம் எங்கிருந்து வருகிறது? முன்பு சட்ட மேலவை இருந்தது, ஆசிரியர் தொகுதி என்று தனியாக இருந்தது, ஆசிரியர்கள் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1986 நவம்பரில் மேலவையே போனது. அதன்பின் ஆசிரியரின் அரசியல் பலம் தபால் ஓட்டிலும், வாக்குச்சாவடியிலும், ஊர்ச் செல்வாக்கிலும் குடிகொண்டது. தபால் ஓட்டின் எடையை அறிய ராதாபுரத்தைப் பாருங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற தி.மு.க.வின் அப்பாவு நீதிமன்றம் போனார். சான்றொப்பமிட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர், அவருக்கு அந்தத் தகுதி இல்லை என்று 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என ஒதுக்கியதுதான் வழக்கு. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட, உச்ச நீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை போட்டது. ஒரு தலைமை ஆசிரியரின் கையெழுத்து ஒரு சட்டமன்ற இடத்தை ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் தொங்கவிட்டது.

இவ்வளவு கனமான பலம் எதற்குச் செலவாகிறது என்பதுதான் என் கவலை.

தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையைப் புரட்டுங்கள். பழைய ஓய்வூதியம், வாக்குறுதி எண் 309. பகுதிநேர ஆசிரியர் பணி நிரந்தரம், எண் 181. சங்கத்துக்காரர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். 2009 ஜூன் 1-க்குப் பின் வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். நியாயமான கோரிக்கை. ஒரே வகுப்பில் ஒரே பாடம் நடத்தும் இருவருக்கு இருவேறு அடிப்படைச் சம்பளம் என்பதை எந்த நாணயமுள்ள அரசும் நியாயப்படுத்த முடியாது. 2012-ல் 5,000 ரூபாய்க்கு வந்த பகுதிநேர ஓவிய ஆசிரியர், தையல் ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர் நிலை இன்னும் மோசம். தேர்தல் ஆண்டு பிறந்த உடனே, 2026 ஜனவரியில், உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அரசு அறிவித்தது. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ அறிவித்திருந்த வேலைநிறுத்தம் நின்றது. பேரம் பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள், பலன் கிடைத்தது.

பள்ளி மானியத்துக்கு அப்படி ஒரு வாக்குறுதி எண் ஏன் இல்லை? 28 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு வருடம் பத்தாயிரம் போதாது, ஜூன் முதல் வாரத்தில் ஐம்பதாயிரம் கொடு, இல்லாவிட்டால் மறியல் என்று எந்த ஊர்வலத்தில் முதல் முழக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள்? மத்திய நிதி நிறுத்தத்தைக் கண்டித்துக் குரல் கொடுத்த சங்கங்கள் உண்டு, மறுக்கவில்லை. கோரிக்கைப் பட்டியலில் பிள்ளைகளுக்கான வரிகள் கீழே எங்கோ வருகின்றன. பேச்சுவார்த்தை முடிந்து வெளியே வரும்போது முதலில் விட்டுக்கொடுப்பதும் அந்த வரிகளைத்தான். சங்கம் உறுப்பினருக்காக இருப்பது, அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்காகப் பேச வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அந்த இடம் பெற்றோருடையது.

சட்டம் அந்த இடத்தைத் தெளிவாகவே கொடுத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது எல்லாம் அதன் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் இருபது பேர் கொண்ட குழுக்கள், 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து இருபத்து நான்கு பேர். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரை உட்கார வைத்த பெரிய ஏற்பாடு இது. ஏட்டில் இருப்பது இது.

காவிரி டெல்டாவில் ஒரு நடுநிலைப்பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். குழுவின் தலைவி ஒரு தாய், வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். வாய்க்கால் கரையில் மண் அள்ளிக்கொண்டிருந்த இடத்துக்கே பள்ளியிலிருந்து ஆள் வந்தார். கையில் நீளவாக்கில் ஒரு நோட்டு, தீர்மானப் பதிவேடு.

"அக்கா, ஒரு கையெழுத்து."

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

"மாசக் கூட்டந்தாங்கா. வழக்கமா போடுறதுதான். சாரு அப்புறமா எழுதிக்குவாரு."

நோட்டின் மேலே தேதி இருந்தது. கீழே ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை வரிசை எண், அதில் பாதி எண்களுக்கு எதிரே கையெழுத்து. நடுவில் முழுப் பக்கம் வெள்ளை. அந்த அம்மா சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு முதல் எண்ணுக்கு எதிரே பெயரை எழுதினார். வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தத் தலைமை ஆசிரியர் திருடர் இல்லை. விசாரித்தால் தெரிகிறது, மானியம் வருவதற்கு முன்பே சொந்தக் காசைப் போட்டு மோட்டார் ரிப்பேர் செய்திருக்கிறார். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கத் தீர்மானம் வேண்டும், கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, மேலிருந்து செயலியில் பதிவேற்று என்று நெருக்குகிறார்கள். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் இன்று நல்லவர் கேட்கும் வெள்ளைத் தாளை நாளை வருகிறவரும் கேட்பார். அவர் யாரோ. அந்தத் தாளில் பெயிண்ட் அடித்த செலவு வரும், அடிக்காத பெயிண்டின் செலவும் வரும். இடிக்க வேண்டிய கட்டடம் உறுதியாக இருக்கிறது என்ற வரியும் வரலாம். 2021 டிசம்பர் 17-ஆம் தேதி நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். உங்கள் பெயர் கீழே இருக்கும் தாளில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

உள்ளூரில் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு நீண்ட காலம் பணிமூப்பும் பதவி உயர்வும் ஒன்றிய அளவில்தான். அதனால் சங்கத்தின் உண்மையான பலம் வட்டாரக் கிளையில் இருந்தது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவிலான முன்னுரிமையாக மாற்றியபோது தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு அவ்வளவு கொதித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வட்டாரச் செயலாளர் என்பவர் வட்டாரக் கல்வி அலுவலர் அறைக்குள் கேட்காமல் நுழையக்கூடியவர். கலந்தாய்வில் கிடைக்காத இடம் 'நிர்வாக மாறுதல்' என்ற பெயரில் கிடைக்க வேண்டும் என்றால் கட்சிக்காரரின் தயவு வேண்டும். கட்சிக்காரருக்குத் தேர்தல் நேரத்தில் ஆசிரியரின் தயவு வேண்டும். அரசு ஊழியர் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்று 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்கின்றன. துண்டு போடாமல், மேடை ஏறாமல் செய்யும் அரசியலை எந்த விதியும் பிடிப்பதில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலில் மேலாண்மைக் குழு ஒரு சின்னக் காசு. "உங்க ஆளு ஒருத்தர், எங்க ஆளு ஒருத்தர்" என்று முடித்துவிடுவார்கள். கேள்வி கேட்கும் பெற்றோர் அந்தப் பட்டியலில் இடம்பெற வாய்ப்பே இல்லை.

எல்லா ஊரிலும் எல்லா ஆசிரியரும் இப்படி என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சொன்னால் அது பொய். சொந்தச் சம்பளத்தில் காலைப் பேருந்துக்குக் காசு கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சங்கத்தில் இருந்துகொண்டே சங்கத் தலைமையை எதிர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கப் பெற்றோர் இல்லாததுதான் அவர்களின் பலவீனம்.

ஆகவே இதைச் செய்யுங்கள். குழு மறுகட்டமைப்புக் கூட்டம் என்றைக்கு என்று இன்றே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அன்று ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், தெருவுக்குப் பத்துப் பெற்றோராவது போய் உட்காருங்கள். பெயரை முன்மொழிவதும் வழிமொழிவதும் பெற்றோர் வேலை. மேசையில் தயாராக ஒரு பட்டியல் இருந்தால் எழுந்து நின்று, "இதை யாருங்க எழுதினது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்றே பாதி பட்டியலைக் கலைத்துவிடும். கட்சிப் பொறுப்பில் இருப்பவரின் மனைவி, ஒப்பந்ததாரரின் தம்பி மனைவி என்று பெண்கள் இடத்தை நிரப்பினால் விடாதீர்கள். அந்தப் பள்ளியில் உண்மையிலேயே பிள்ளை படிக்கும் தாய் தலைவியாகட்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தடுமாற்றம் இருந்தால் கூட இருந்து வாசித்துக் காட்ட ஒரு முன்னாள் மாணவரைக் குழுவில் சேருங்கள். முன்னாள் மாணவர்களுக்கு இடம் வைத்திருப்பதே அதற்குத்தான்.

குழு அமைந்தபின் முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டியது பாஸ்புக்கும் ரசீதும். இந்த ஆண்டு மானியம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தத் தேதியில் வந்தது, எதற்குப் போனது. மூன்றே கேள்வி. தலைமை ஆசிரியர் நேர்மையானவர் என்றால் சந்தோஷமாகக் காட்டுவார். தான் கைக்காசு போட்ட கதையையும் சொல்வார். சொன்னால் அதையும் தீர்மானமாக எழுதி மேலே அனுப்புங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். காட்ட மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடுங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417, அதையும் சுவரில் எழுதி வையுங்கள்.

மேல்நிலைப்பள்ளியில் பிள்ளை படித்தால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் பாருங்கள். மேலாண்மைக் குழு வேறு, கழகம் வேறு. பல ஊர்களில் கழகத் தலைவர் என்பவர் பிள்ளைகள் படித்து முடித்துப் பல வருடம் ஆன உள்ளூர்ப் பிரமுகர். காலியிடத்தில் சொற்பச் சம்பளத்துக்கு ஆசிரியர் வைப்பதும், நன்கொடை வாங்குவதும் அங்கேதான் நடக்கும். சேர்க்கையின்போது ரசீது இல்லாமல் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பயந்து கொடுத்துவிட்டால் மறுநாளாவது ரசீது கேளுங்கள்.

கிராம சபையை விடாதீர்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத ஊராட்சியிலும் கிராம சபை கூடியே ஆக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளில் ஏதாவது ஒரு நாள் பள்ளிக் குழுவின் தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கழிப்பறைப் பணியாளர் கூலி எத்தனை மாதம் பாக்கி என்று மைக்கில் கேளுங்கள். பதில் பதிவேட்டில் ஏறினால் தனி அலுவலர் தட்டிக்கழிக்க முடியாது.

இன்னொன்று. ஈராசிரியர் பள்ளியில் ஒரு ஆசிரியர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 27 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்த வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. இந்த மூன்று வேலைகளே ஒரு வருடத்தில் எத்தனை நாளைத் தின்றுவிடுகின்றன என்பதைக் குழு கணக்கு வைக்க வேண்டும். ஆசிரியர் எத்தனை நாள் எந்த வேலைக்காக வகுப்பில் இல்லை என்று மாதா மாதம் தீர்மானத்தில் எழுதுங்கள். சங்கங்கள் பல காலமாகச் சொல்லும் புகாருக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடைக்காது. இதில் நீங்களும் அவர்களும் ஒரே பக்கம்.

ஆசிரியர் சங்கத் தலைவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் ஓட்டைப் பார்த்துக் கோட்டை பயப்படுகிறது. அடுத்த முறை அமைச்சர்களோடு உட்காரும்போது கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் பள்ளி மானியத்தை எழுதுங்கள். ஜூன் மாதத்திலேயே முழுத் தொகை, சிறு பள்ளிக்குக் குறைந்தது ஐம்பதாயிரம், கழிப்பறைப் பணியாளருக்கு மாதா மாதம் வங்கிக் கணக்கில் கூலி. இதற்காக ஒரு நாள் நீங்கள் தெருவுக்கு வந்தால் ஒவ்வொரு ஊரிலும் பெற்றோர் உங்களோடு வருவார்கள். மேலாண்மைக் குழுத் தேர்வில் உங்கள் வட்டாரக் கிளைகள் தலையிடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்கு அரசாணை தேவையில்லை, உங்கள் லெட்டர்பேடு போதும்.

பெற்றோர்களே, நோட்டை நீட்டினால் வாங்கிப் படியுங்கள். பக்கம் வெள்ளையாக இருந்தால், "எழுதிட்டு வாங்க, அப்புறம் போடுறேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.